தஞ்சாவூர் பார்க்க வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால், ஊர் பார்க்க வரும் உறவினர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்கும் ஐயங்கள் எனக்கு ஏறத்தாழ மனப்பாடமாகிவிட்டன. அவற்றை அவரவர் கேட்ட சொற்களிலேயே எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

பெரிய கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அண்ணாந்து விமானத்தை, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த விமானத்தின் அடிப்பகுதியில், நம் கண்ணுக்கு நேராக, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் வரிவரியாக வெட்டப்பட்டிருப்பதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. அதைக் காணாமல் எவரும் ஊர் திரும்பக் கூடாது என்ற ஆசைதான் என்னை இதை எழுதத் தூண்டியது.

தஞ்சாவூர் பார்க்க எத்தனை நாள் வேணும்? ஒரே நாள்ல முடிச்சிடலாமா?

பெரிய கோயிலையும் அரண்மனையையும் மட்டும் பார்ப்பதென்றால் ஒரு நாள் போதும். காலையில் கோயில், வெயில் ஏறியபின் அரண்மனையும் கலைக்கூடமும், மாலையில் மீண்டும் கோயில் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் இருக்காது. ஒரே இடத்துக்கு ஏன் இரண்டு முறை என்று கேட்பீர்கள். காலை வெளிச்சத்தில் தெரியும் கோயில் வேறு, மாலையில் தெரியும் கோயில் வேறு. சாய்ந்த வெயில் படும்போதுதான் சிற்பங்களும் எழுத்துகளும் துலங்கும்.

இரண்டு நாள் தங்க முடிந்தால் திருவையாறு, தாராசுரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் தஞ்சாவூர், கும்பகோணம், நவக்கிரகத் தலங்கள் என்று எல்லாவற்றையும் வண்டியில் சுற்றிக்காட்டும் ஏற்பாடுகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அப்படிப் போய் வந்தவர்களுக்கு எந்தச் சிற்பம் எந்த ஊரில் இருந்தது என்பதுகூட நினைவில் நிற்பதில்லை.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?

மார்கழி முதல் மாசி வரை வெயில் தணிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். மழையில் நனைந்த கருங்கல்லின் நிறத்துக்காகவே அப்போது வருகிறவர்களும் உண்டு. சித்திரை, வைகாசியைத் தவிர்ப்பது நல்லது.

ஐப்பசிச் சதயத்தன்று ராஜராஜனின் பிறந்த நட்சத்திர விழாவான சதய விழா நடக்கும். விழாவைப் பார்க்க வேண்டுமானால் அப்போது வாருங்கள். கோயிலை நின்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களையும், பெரிய நந்திக்கு அபிஷேகம் நடக்கும் பிரதோஷ மாலைகளையும் விட்டுவிடலாம்.

சென்னையிலேர்ந்து எப்படி வர்றது? பஸ்ல வந்தா எந்த ஸ்டாண்டுல இறங்கணும்?

எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் உழவன் விரைவு ரயில் விடியலில் தஞ்சாவூரில் விட்டுவிடும். ரயில் நிலையத்திலிருந்து பெரிய கோயில் நடக்கக்கூடிய தொலைவுதான். விமானத்தில் வருகிறவர்கள் திருச்சியில் இறங்கிச் சாலை வழியாக வர வேண்டும்.

பேருந்து நிலையங்கள் இரண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்ப் பேருந்துகள் பல ஊருக்கு வெளியே உள்ள புதிய பேருந்து நிலையத்தில் நின்றுவிடும். அங்கிருந்து நகரப் பேருந்தில் பழைய பேருந்து நிலையம் வந்தால் கோயில் பக்கம்.

கோயில் எத்தனை மணிக்குத் திறப்பாங்க? மத்தியானம் போனா பார்க்க முடியுமா?

காலை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை நான்கு மணிக்கு மீண்டும் திறந்து, இரவு எட்டரை மணியளவில் சாத்துகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

பதினொரு மணிக்கு மேல் பிராகாரத்துக் கல்தளம் காலைச் சுட்டுவிடும். தேங்காய் நார் விரிப்பு போட்டிருந்தாலும் அது நடைபாதையில் மட்டும்தான். சுவரருகே போய் எதையும் நின்று பார்க்க முடியாது. காலை ஆறரை மணிக்கு உள்ளே இருப்பதுபோலப் புறப்பட்டு வாருங்கள் என்பதே எல்லோருக்கும் நான் சொல்வது.

அது கோயிலா, மியூசியமா? உடை, கேமரா இதுக்கெல்லாம் கட்டுப்பாடு இருக்கா?

வழிபாடு தொடர்ந்து நடக்கும் கோயில்தான். கட்டடத்தைப் பாதுகாப்பது மத்தியத் தொல்லியல் துறை. பூசைகளும் விழாக்களும் அரண்மனை தேவஸ்தானத்தின் பொறுப்பில் அறநிலையத் துறையின் கீழ் நடக்கின்றன. 1987-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதனுடன் சேர்க்கப்பட்டன.

வேட்டி, புடவை, சுடிதார், முழுக்கால் சட்டை எதுவும் பொருந்தும்; அரைக்கால் சட்டை வேண்டாம். செருப்பை வெளியே விட வேண்டும். பிராகாரத்தில் படம் எடுக்கலாம், கருவறையில் எடுக்கக் கூடாது.

உள்ள இருக்கிறது எல்லாமே ராஜராஜன் கட்டினதுதானா?

இல்லை. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் கோயிலைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். சாலையிலிருந்து அகழியைக் கடந்ததும் முதலில் வருவது மராட்டியர் காலத்து வாயில். அடுத்து வரும் கேரளாந்தகன் வாயிலும் அதற்கடுத்த ராஜராஜன் வாயிலும்தான் சோழர் கட்டியவை. கேரளாந்தகன் என்பது சேரநாட்டு வெற்றியால் ராஜராஜனுக்கு வந்த பட்டப்பெயர். ராஜராஜன் வாயிலின் இரு பக்கமும் நிற்கும் துவாரபாலகர்களின் பருமனைப் பார்த்த பிறகு, அவர்களின் காலடியில் உள்ள சிறிய புராணச் சிற்பங்களையும் பாருங்கள். அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறவர்களே அதிகம்.

உள்ளே விமானமும் அதைச் சுற்றிய திருச்சுற்று மாளிகையும் சண்டிகேசுவரர் கோயிலும் ராஜராஜன் காலத்தவை. அம்மன் கோயில் 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. வடமேற்கில் உள்ள சுப்பிரமணியர் கோயிலும் நாயக்கர் பணியே. அதன் தூண்களிலும் சுவர்களிலும் உள்ள நுணுக்கத்தைப் பார்த்தால், கல்லில் வேலை செய்தார்களா மரத்தில் செய்தார்களா என்ற ஐயம் வரும். விநாயகர் கோயில் மராட்டியர் கட்டியது. திருச்சுற்று மாளிகையின் தென்மேற்குச் சுவரில் போன்ஸ்லே மரபின் வரலாற்றை 1803-இல் மராத்தியில் வெட்டிவைத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. ஆகவே எதன் முன் நின்றாலும் இது யார் காலத்தது என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்வெட்டு கல்வெட்டுன்னு சொல்றீங்க, அதுல அப்படி என்ன எழுதியிருக்கு?

விமானத்தின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளப் பகுதியில், வடபுறத்தில் இருந்து தொடங்கும் கல்வெட்டில் ராஜராஜனே பேசுகிறான். "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார்க்கு நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக" என்பது அவன் வாய்மொழி. தான் கொடுத்ததை முதலிலும், தமக்கை குந்தவை கொடுத்ததை அடுத்தும், தன் தேவியர் கொடுத்ததை அதற்கடுத்தும் சொல்லிவிட்டு, மற்றவர் கொடுத்ததையும் அதே கல்லில் வெட்டச் சொன்ன மன்னன் அவன். இந்தக் கல்வெட்டுகளை 1880-களில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்த பிறகே கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்பது உலகத்துக்கு உறுதியாயிற்று; அதற்கு முன் வழங்கிய தலபுராணம் வேறொரு சோழனைச் சொல்லிக்கொண்டிருந்தது. ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததும் இங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

திருமதிலின் வடக்கு வெளிப்புறத்தில் உள்ள கல்வெட்டு எனக்கு இன்னும் நெருக்கமானது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து அழைத்துவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர், அவர்கள் வந்த ஊர், கோயில், குடியமர்ந்த தெரு, வீட்டு வரிசை ஆகிய அனைத்தும் அதில் இருக்கின்றன. "தெற்குத் தளிச்சேரி தென்சிறகு" முதல் வீட்டில் இருந்தவள், திருவையாற்று ஓலோகமாதேவீச்சுரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆடல் ஆசான்கள், கணக்கர், தையற்காரர், தச்சர் என்று தொடரும் அந்தப் பட்டியலில் கோயிலை எடுத்த பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் இருக்கிறது. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, 48 பேரும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரும் நியமிக்கப்பட்டதை இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு அல்லது 48 பசு அல்லது 16 எருமை என்று ஆயர்களிடம் ஒப்படைத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் பெற்ற கணக்கும் உண்டு. அரசர்களின் பெயர் எல்லா நாட்டுக் கட்டடங்களிலும் கிடைக்கும். வேலை பார்த்தவர்களின் பெயரையும் கூலியையும் இவ்வளவு விரிவாக மதிலில் வெட்டிவைத்த இடம் அரிது.

எங்களால அதைப் படிக்க முடியுமா? எழுத்து வேற மாதிரி இருக்குமே?

முழுவதும் படிக்கப் பயிற்சி வேண்டும். ஆனால் நீங்கள் எண்ணுவதைவிட அதிகமாகவே படிப்பீர்கள். ப, ம, ட, க, ர போன்ற எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு இருக்காது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இருக்காது. வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தடை நீங்கிவிடும்.

ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் புகழைச் சொல்லும் பகுதி, "திருமகள் போலப் பெருநிலச் செல்வியுந் தனக்கே யுரிமை பூண்டமை மனக்கொளக் காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்று தொடங்கும். இந்த வரியை எழுதி வைத்துக்கொண்டு, சுவரில் "திருமகள்" என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அது கண்ணில் பட்டுவிட்டால் அடுத்தடுத்த சொற்கள் தாமே வந்து நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

உள்ளே சோழர் கால ஓவியம் இருக்காமே, அதை ஏன் காட்ட மாட்டேங்கறாங்க?

கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர்களுக்கு நடுவே ஓடும் இருண்ட சுற்றுப்பாதையில் அவை இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேல் புதிதாகச் சுதை பூசி வேறு ஓவியங்கள் தீட்டிவிட்டார்கள். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற பேராசிரியர், மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்து வெளிப்படுத்தினார். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலை செல்லும் காட்சியும், தேரில் நிற்கும் திரிபுராந்தகரும் அவற்றில் தலைசிறந்தவை.

பாதை குறுகலானது, மூச்சுக்காற்றின் ஈரமும் கைபடுவதும் ஓவியத்தைக் கெடுத்துவிடும் என்பதால் பொதுமக்களை விடுவதில்லை. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். கோயில் வளாகத்திலேயே தொல்லியல் துறை அமைத்துள்ள விளக்கக் கூடத்தில் அந்த ஓவியங்களின் படங்களைக் காணலாம். ஓவியப் பாதைக்கு மேல்தளத்தில் சிவபெருமானே ஆடிக் காட்டும் கரணங்களின், அதாவது நாட்டிய நிலைகளின், சிற்பங்கள் உள்ளன. 108-இல் 81 மட்டும் செதுக்கப்பட்டு, எஞ்சிய 27 கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அங்கும் அனுமதி இல்லை.

அரண்மனை சிதிலமாத்தானே இருக்கு, காசு கொடுத்துப் போகணுமா?

போக வேண்டும். கட்டடத்துக்காக இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் கலைக்கூடத்துக்காகப் போக வேண்டும். நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரித்த அரண்மனை அது. சில பகுதிகள் பழுதடைந்திருப்பதும் உண்மை. 1951-இல் தொடங்கப்பட்ட கலைக்கூடத்தில் இருக்கும் சோழர் செப்புத் திருமேனிகளுக்கு இணையானவற்றை உலகில் ஒரு சில இடங்களில்தான் காண முடியும்.

அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனரின் முன் சற்று நேரம் நில்லுங்கள். ரிஷபம் இன்று இல்லை. அதன்மேல் சாய்ந்திருந்த வலக்கை மட்டும் காற்றில் தளர்ந்து நிற்கிறது. அந்தக் கையின் தளர்விலேயே காளையின் உயரத்தையும் முதுகின் வளைவையும் நம்மால் உணர முடிகிறது. சடையைத் தலைப்பாகையைப்போலச் சுற்றி, பாம்பைச் செருகி, ஒரு காலைக் குறுக்கே வைத்து நிற்கும் நிலை அது. திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டால் இதன் காலம் 1011 என்றும், அருகில் நிற்கும் தேவியின் காலம் அதற்கடுத்த ஆண்டு என்றும் தெரிகிறது. அதாவது பெரிய கோயிலுக்குச் செப்புக்குடம் கொடுத்ததற்கு மறு ஆண்டு. இருவரும் நெடுங்காலம் மண்ணுக்கடியில் கிடந்து வெளிவந்தவர்கள்.

சரசுவதி மகால்ல போய் ஓலைச்சுவடி எடுத்துப் பார்க்கலாமா?

இந்த நூலகத்தில் பார்வையாளருக்கென்று உள்ள காட்சிக்கூடத்தில் தேர்ந்த சுவடிகளையும் ஓவியங்களையும் வரைபடங்களையும் பார்க்கலாம். சுவடிகளைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டுமானால் ஆய்வுக்கென அனுமதி பெற வேண்டும்.

நாயக்கர் காலத்தில் தொடங்கிய இந்நூலகத்தைப் பெருக்கியவர் 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி. ஐரோப்பிய நூல்களை வரவழைத்தார். 1805-இல் தேவநாகரி எழுத்தில் நூல்கள் அச்சிட அச்சகம் அமைத்தார். கண் நோயாளிகளின் நோய்க் குறிப்புகளைப் படங்களோடு எழுதிவைக்கச் செய்தார். 1918 முதல் இது பொது நூலகம். விடுமுறை நாளில் வந்து ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு; விசாரித்துக்கொண்டு வாருங்கள்.

கோயில், அரண்மனை தவிர ஊருக்குள்ள வேற என்ன இருக்கு?

நான்கு ராஜவீதிகளையும் காலை வேளையில் நடந்து சுற்றுங்கள். மேலராஜவீதியில் பங்காரு காமாட்சி கோயில் இருக்கிறது. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகளின் குடும்பம் வழிபட்ட அம்மன். நாட்டியக் கச்சேரி அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய ஒழுங்குக்கு வடிவம் தந்த தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் வாழ்ந்ததும் மேலவீதியில்தான். மதிலில் எழுதப்பட்ட 400 பெண்களையும் இந்த நால்வரையும் பிரிப்பது 800 ஆண்டுகள்; கோயிலிலிருந்து இவர்கள் வீட்டுக்கு நடக்க அதிக நேரம் ஆகாது.

சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779-இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. இளமையில் தனக்கு ஆசிரியராகவும் காவலராகவும் இருந்த சுவார்ட்ஸ் பாதிரியார் மரணப் படுக்கையில் கிடக்க, சரபோஜி அருகில் நிற்கும் காட்சியை ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பி வெண்பளிங்கில் செதுக்கியிருக்கிறார். கீழ அலங்கத்தில் பீரங்கி மேட்டின் மீது நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி கிடக்கிறது. வார்க்காமல், இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்தது. கருந்தட்டாங்குடியில் 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

தஞ்சாவூர்ல காவிரியைக் காணோமே? கோயில் பக்கத்துல ஓடுறது காவிரிதானே?

பெரிய கோயிலின் பக்கத்தில் ஓடுவது கல்லணைக் கால்வாய். 1930-களில் மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டப்பட்டது. எங்கள் ஊரில் புது ஆறு என்போம். காவிரியைப் பார்க்கத் திருவையாற்றுக்குப் போக வேண்டும். போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி ஆகிய நான்கையும் கடந்து ஐந்தாவதாகக் காவிரியை அடைவீர்கள். வழக்கம்போல் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து சேர்ந்தபின் வந்தால் ஐந்தும் ஓடுவதைப் பார்க்கலாம்.

திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி ஆற்றங்கரையில் இருக்கிறது. தை மாத வாக்கில் ஆராதனை நடக்கும். ஐயாறப்பர் கோயில் வளாகத்தின் வடபுறத்தில் ராஜராஜனின் தேவி உலோகமாதேவி கட்டிய கோயிலைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். முன்னே சொன்ன நக்கன் சேரமங்கை இந்தக் கோயிலிலிருந்துதான் தஞ்சாவூருக்கு வந்தாள். அசோகா அல்வா வாங்கிக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ரெண்டுல ஒண்ணுதான் போக முடியும்னா எது?

சிற்பத்தை நெருங்கி நின்று பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்குத் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. கும்பகோணத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. தேர்ச்சக்கரமும் குதிரையும் பூட்டிய மண்டபமும், ஒரே தலை யானையாகவும் காளையாகவும் தெரியும் சிற்பமும் எல்லோரும் காட்டுவார்கள். கருவறைச் சுவரின் அடியில் வரிசையாக ஓடும் நாயன்மார் கதைகளை யாரும் காட்ட மாட்டார்கள். அவை சிறியவை, குனிந்து பார்க்க வேண்டும். அங்கும் கண் கீழே போனால்தான் கோயில் பேசும்.

தந்தையின் கோயிலுக்கு மகன் ராஜேந்திரன் சொன்ன பதிலைப் பார்க்க விரும்புகிறவர்கள் அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகலாம். நேர்கோடாக எழும் தஞ்சை விமானத்தைப் பார்த்த கண்ணுக்கு, உள்வளைந்து எழும் அந்த விமானம் வேறோர் அழகு. சண்டேசருக்குச் சிவபெருமான் கொன்றை மாலை சூட்டும் சிற்பம் அங்குள்ளது. தொலைவு கூடுதலாதலால் அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

தஞ்சாவூர் ஓவியம் வாங்கணும். ஏமாறாம எப்படி வாங்கறது?

அது செய்யப்படும் முறையைத் தெரிந்துகொண்டு போங்கள். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் பொடியையும் பசையையும் குழைத்த மக்கால் நகைகளையும் தூண்களையும் மேடாக்கி, கல் பதித்து, அதன்மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டி, கடைசியில் முகம் எழுதுவார்கள். விலையைத் தீர்மானிப்பது தங்க ரேக்கு. போலி ரேக்கு ஒட்டியது சில ஆண்டுகளில் கறுத்துவிடும். எனவே ரேக்கு என்ன தரம் என்று எழுதி வாங்குங்கள். ரேக்கைவிட முகத்தைப் பாருங்கள். கை தேர்ந்தவரின் வேலை கண்ணில் தெரியும்.

தலையாட்டிப் பொம்மை விலை குறைவு. அடிப்பகுதி கனமாக இருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். வீணை வாங்க வருகிறவர்கள் பலா மரத்தில் செய்ததா, ஒட்டா, ஒரே கட்டையில் குடைந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயசான அப்பா அம்மாவையும் சின்னப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர்றோம். சமாளிக்க முடியுமா?

பெரிய கோயில் பெரும்பாலும் சமதளம். சன்னிதிக்கு ஏறும் படிகள் மட்டும் உயரமானவை. வெயில் பற்றி முன்னரே சொன்னது பெரியவர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். திருச்சுற்று மாளிகையில் நிழலில் உட்கார இடமுண்டு. பிள்ளைகளுக்கு அரண்மனை வளாகத்தில் வைத்துள்ள திமிங்கல எலும்புக்கூடும், கோயிலில் "திருமகள்" தேடும் வேலையும் போதும்.

கோபுர நிழல் தரையில விழாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

விழும். காலையிலும் மாலையிலும் பிராகாரத்தில் நீளமாக விழும். மாலையில் வந்து உட்காருகிறவர்கள் உட்காருவதே அந்த நிழலில்தான். விமானம் அகன்ற அடித்தளத்திலிருந்து மேலே போகப் போகக் குறுகி எழுவதால், உச்சிப்பொழுதில் நிழல் விமானத்தின் மீதே தங்கிவிடும். அதைக் கண்டவர்கள் சொன்னது வளர்ந்து இப்படி ஆகியிருக்கலாம்.

உச்சியில இருக்கிற 80 டன் கல்லு ஒரே கல்லா? அதை எப்படி ஏத்தினாங்க?

சிகரம் பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது என்றே மேலேறி ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து மண்ணால் சாய்தளம் அமைத்து ஏற்றினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஒரே கல் இல்லை என்பதால் வியப்பு சிறிதும் குறைய வேண்டியதில்லை. வண்டல் மண்ணாலான இந்தப் பகுதியில் கட்டடத்துக்கு உதவும் பாறை கிடையாது. ஒவ்வொரு கருங்கல்லும் வெளியிலிருந்து வந்தது. பதின்மூன்று தளங்களாக எழும் விமானத்தின் உள்ளே கற்கள் ஒன்றையொன்று தள்ளி அடுக்கப்பட்டு, நடுவில் கூடாகவே உச்சிவரை போகிறது. கேட்க வேண்டிய கேள்வி அந்தக் கூட்டைப் பற்றியது.

லிங்கம் 12 அடி, உயிரெழுத்து 12. விமானம் 216 அடி, உயிர்மெய் 216. எல்லாம் கணக்குப் போட்டுக் கட்டினதாமே?

இந்தச் செய்தியைப் பலர் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். கோயிலின் எந்தக் கல்வெட்டும் இதைச் சொல்லவில்லை. அளவுகளும் அளப்பவரைப் பொறுத்து மாறுகின்றன; 216 அடி என்பது பரவலாகச் சொல்லப்படுவது, 60 மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்ற கணக்கும் உண்டு. மேலும், இன்று நாம் கணக்கிடும் அடி ஆங்கிலேயர் கொண்டுவந்த அளவு; ராஜராஜனின் தச்சர்கள் முழக்கோலில் அளந்தார்கள்.

தமிழுக்கும் இந்தக் கோயிலுக்கும் உள்ள உறவைக் காட்ட இப்படி ஒரு கணக்கு தேவையே இல்லை. தேவாரம் பாட 48 பேரை நியமித்த ஆணை தமிழில் கல்லிலேயே இருக்கிறது.

உடையாளூர்ல இருக்கிறது ராஜராஜன் சமாதிதானா? போய்ப் பார்க்கலாமா?

உடையாளூர் கும்பகோணத்துக்கு அருகில் உள்ள சிற்றூர். அங்குள்ள பால்குளத்தி அம்மன் கோயில் தூணில், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் சிவபாதசேகர தேவரின் திருமாளிகை மண்டபம் பழுதுபார்க்கப்பட்டதாக ஒரு கல்வெட்டு உண்டு. சிவபாதசேகரன் என்பது ராஜராஜனின் பட்டப்பெயர். கல்வெட்டு சொல்வது மாளிகையை, சமாதியை அன்று. அவன் அங்கே அடக்கம் செய்யப்பட்டான் என்பது மக்களின் நம்பிக்கையாக இருக்கிறது, மெய்ப்பிக்கப்படவில்லை. போய் வருவதில் தவறில்லை. கல்வெட்டில் உள்ளதையும் நம்பிக்கையையும் பிரித்துப் பாருங்கள்.

கல்வெட்டு சரியா தெரியலைன்னா சுண்ணாம்பு, மாவு தேய்ச்சுப் படிக்கலாமா? தாள் வச்சுத் தேய்க்கலாமா?

கூடாது. மாவும் சுண்ணாம்பும் எழுத்தின் பள்ளத்தில் தங்கி ஈரத்தை இழுத்துக் கல்லை அரிக்கும். எண்ணெய்க் கையும் அப்படியே. மை தடவிப் படியெடுப்பது தொல்லியல் துறையினரின் வேலை. சிலர் பெயரைக் கீறிவிட்டுப் போயிருப்பதை அதிட்டானத்திலேயே பார்ப்பீர்கள். உங்கள் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, அதே சுவரில் நக்கன் சேரமங்கையின் காலத்து எழுத்து இருப்பதையும் சொல்லுங்கள்.

தொடாமலே படிக்க வழி இருக்கிறது. முதல் பதிலில் சொன்னபடி காலை அல்லது மாலை வெயில் சுவரை ஒட்டிச் சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள். நிழல் விழும் பக்கமானால், கைப்பேசி விளக்கைச் சுவருக்கு இணையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். எடுத்த படத்தை வீட்டுக்குப் போய், தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரிய கோயில் கல்வெட்டுகளின் பாடம் முழுவதும் அதில் அச்சாகியிருக்கிறது.